மஞ்சள் கிளிப்

எங்கள் சலவைக்கூடத்தில் என்னைப் பீரங்கி என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் நாலு மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். என்னைப் பற்றி, அவளுக்கு மனசில் ஒன்று வாயில் ஒன்று கிடையாது, பொய் சொல்லவே வராது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டு திரிந்தேன். போன வருஷம் சொல்லக் கூடாத இடத்தில் ஒரு பொய் சொன்னேன். "அஞ்சு நிமிஷம் இருக்கும்" என்று சொன்னேன். அவ்வளவுதான் அந்தப் பொய். அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மூன்று மாதம் கிடந்தேன்.

நாங்கள் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில். மேலே முந்நூறு அறை. அத்தனை அறையின் விரிப்பும் துண்டும் தலையணை உறையும் ஒரு குழாய் வழியாக எங்கள் தலையில் வந்து விழும். துவைத்து, இஸ்திரி ரோலரில் கொடுத்து, மடித்து, மேலே அனுப்ப வேண்டும். பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. அதனால் நாங்கள் எல்லோரும் ஜோடி ஜோடி. என் ஜோடி குச்சி. ஒல்லியாக இருப்பாள், அதனால் குச்சி. பத்தொன்பது வருஷம் அவள் இரண்டு முனையைப் பிடித்தாள், நான் இரண்டு முனையைப் பிடித்தேன். பிடி, உதறு, இழு, கிட்டே வா, முனையைக் கொடு. ஒரு நாளைக்கு நானூறு தடவை அவள் விரல் என் விரலைத் தொடும். கட்டினவன்கூட என்னை அவ்வளவு தொட்டதில்லை என்று சொல்லிச் சிரிப்பேன். "சீ, வாய மூடு" என்பாள்.

எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மாதாமாதம் வருவது நின்றுபோய், அதற்குப் பதிலாக வேக்காடு வர ஆரம்பித்துவிட்டது. ஏற்கெனவே ரோலர் சூடு. அதில் உடம்புக்குள்ளிருந்தும் திகுதிகுவென்று கிளம்பினால் என்ன செய்வது? முகம் சிவக்கும், படபடவென்று வரும், முதுகில் வேர்வை ஊற்றும். பத்து நிமிஷம் எங்கேயாவது குளிர்ச்சியாக உட்கார்ந்தால் சரியாகிவிடும். குளிர்ந்த இடம் இருந்தது. துவைத்த துணி அடுக்கும் அறை. அங்கே மட்டும் ஏசி உண்டு. ஆனால் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். யார் எப்போது எழுந்தாள், எப்போது வந்து நின்றாள் என்று நோட்டில் எழுதுகிற ஆள். அந்த மனுஷனிடம் போய் இதை எப்படிச் சொல்வது? நாக்கு கூசாதா?

அதற்கு வழி கண்டுபிடித்தவள் நான்தான். துணி மாட்டுகிற கிளிப்பில் மஞ்சள் நிறமாக ஒன்றை எடுத்தேன். வேக்காடு வந்தவள் அதைத் தன் டிராலியின் கைப்பிடியில் மாட்டிவிட்டுத் துணி அறைக்குப் போய்விட வேண்டும். அவள் வேலையை மற்றவர்கள் பங்கு போட்டுச் செய்துவிடுவோம். கிளிப் மாட்டியவளைத் தேடிப் போகக் கூடாது, என்ன ஏது என்று கேட்கக் கூடாது, கடிகாரம் கேட்டால் "இப்பத்தான் போனா, அஞ்சு நிமிஷம் இருக்கும்" என்று சொல்ல வேண்டும். ஆறு வருஷம் இது ஓடியது. ஒரு தடவைகூட நாங்கள் பிடிபடவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

குச்சி சாவதற்கு எட்டு மாதம் முன்னால் ஹோட்டலில் எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். என் தாளில் எல்லாம் சரியாக இருந்தது. குச்சியின் தாளில் கொலஸ்ட்ரால் இருநூற்று அறுபத்தெட்டு. கெட்ட கொலஸ்ட்ரால் என்று தனியாக ஒன்று போட்டிருந்தது, அது நூற்று எண்பத்தொன்று. அதன் கீழே சிவப்பு மையில் கோடு. உடனே மருத்துவரைப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு அவளுக்கு. நானோ எண்பத்தாறு கிலோ. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

"அடியே, தாளை மாத்திக் குடுத்துட்டாங்கடி. இது உன்னோடது" என்றாள்.

"அதானே பாத்தேன். உன் உடம்புல கொழுப்பு எங்க இருக்கு? இருந்தா வாயிலதான் இருக்கணும்."

"நமக்கு வரிசையாத்தானே ரத்தம் எடுத்தாங்க. அந்தப் பொண்ணு போன் பேசிக்கிட்டே எடுத்தா. மாறாம என்ன செய்யும்?"

அவ்வளவுதான். விசாரணை முடிந்தது. தீர்ப்பும் எழுதியாயிற்று. அவள் தன் தாளை என்னிடம் கொடுத்தாள், என்னுடையதை அவள் வாங்கிக்கொண்டாள். நான் பயந்துபோய் எண்ணெயை நிறுத்தினேன், பொரித்ததை நிறுத்தினேன், பேருந்தில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். மத்தியானம் சாப்பாட்டு அறையில் என் தட்டிலிருந்த வறுவலை எடுத்து அவள் தட்டில் வைப்பேன். "நீ தின்னுடி. உனக்குத்தான் எல்லாம் சுத்தமா இருக்கே" என்பேன். அவளும் சந்தோஷமாகத் தின்பாள். நாலு கிலோ குறைந்தேன். என் கையாலேயே எடுத்து எடுத்து வைத்தேனே!

அந்தக் கடைசி இரண்டு மாதம் அவள் அடிக்கடி கிளிப் மாட்டினாள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். தாடை வலிக்கிறது, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட வேண்டியதுதான் என்றாள். காலையிலேயே அலுப்பாக இருக்கிறது என்றாள். நான் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன். "வயசுடி. எனக்கு மட்டும் என்ன வாழுதாம்?"

அன்றைக்கு ஒரு பெரிய கூட்டம் ஒரே நேரத்தில் அறைகளைக் காலி செய்திருந்தது. விரிப்பு மலையாகக் குவிந்து கிடந்தது. இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு அவள் முனைகளை என் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கிளிப்பை மாட்டிவிட்டுப் போனாள். முகமெல்லாம் வேர்வை. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்து ஜோடியில் ஒருத்தியை இழுத்து மடிக்க ஆரம்பித்தேன். அவள் கை எனக்குப் பழக்கமில்லை. முனை நழுவிக்கொண்டே இருந்தது. எனக்கு எரிச்சல் ஏறியது. இரண்டரை ஆனது. "மகாராணி தூங்கிட்டா போல" என்று சத்தமாகவே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். தேடிப் போகக் கூடாது என்பது நான் போட்ட விதி. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு மடித்தேன். இரண்டு ஐம்பதுக்குப் பொறுக்க முடியாமல், நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடலாம் என்றுதான் துணி அறைக்குப் போனேன். பயந்து போகவில்லை. திட்டத்தான் போனேன்.

அவள் அடுக்குப் பலகையில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. மடியில் ஒரு தலையணை உறை. பக்கத்தில் மடித்த உறைகள் ஓர் அடுக்கு. சும்மா உட்காரத் தெரியாத கழுதை, வேக்காடு தணிகிற வரைக்கும் என்று உறை மடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"என்னடி இது? என்னடி செய்யுது?"

"தாடை இழுக்குதுடி. முதுகுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. இந்தத் தடவ தணியவே மாட்டேங்குது." பிறகு மெதுவாகக் கேட்டாள். "கடிகாரம் பாத்துட்டானா?"

"அவன் கெடக்கான். என்னை ஏன்டி கூப்பிடல?"

"கூப்பிடக் கூடாதே. நீதானே சொன்ன."

நான் போட்ட கத்தலில் ஓடி வந்த முதல் ஆள் கடிகாரம்தான். நாங்கள் ஆறு வருஷம் பயந்து ஒளிந்த அந்த மனுஷன் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவர்தான். "சொல்லியிருக்கலாமேம்மா. எங்க வீட்லயும் இதே வயசுல ஒருத்தி இருக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆம்புலன்ஸில் வந்தவர் அவள் கையில் ஊசி குத்திக்கொண்டே கேட்டார். "எப்ப ஆரம்பிச்சதும்மா?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு வருஷப் பழக்கம் என் நாக்கைப் பிடித்து ஆட்டியது. "இப்பத்தான் சார். அஞ்சு நிமிஷம் இருக்கும்."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். எழுதுவதை நான் பார்த்தேன். திருத்தியிருக்கலாம். வாயைத் திறந்தால் ஊருக்கே கேட்கிற பீரங்கி, அன்றைக்கு வெடிக்கவில்லை. வெளியே வந்ததும் முதல் காரியமாக டிராலியிலிருந்து கிளிப்பைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டேன். மூன்றரை மணிக்கு, ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனதுமே குச்சி போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்றாம் வாரம் நான் குச்சி வீட்டுத் தெரு முனையில் இருந்த கிளினிக்குக்குப் போய் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தேன். மறுநாள் தாள் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. குச்சியின் லாக்கரில் கிடந்த என் பழைய தாளையும் என்னிடம் இருந்த அவள் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எதுவும் மாறியிருக்கவில்லை. அவள் தாள் அவளுடையதுதான். என் தாள் என்னுடையதுதான். மாற்றிக்கொண்டது நாங்கள் இரண்டு பேரும்தான்.

அங்கே ரத்தம் எடுக்கிற பெண்ணிடம் கேட்டேன். "ஒல்லியா இருக்கவங்களுக்குக்கூட இது வருமாம்மா?"

"தாராளமா வரும் ஆன்ட்டி. மாசாமாசம் வர்றது நின்னதும் கெட்ட கொலஸ்ட்ரால் தன்னால ஏறும். அதுவரைக்கும் காவலுக்கு இருந்த ஹார்மோன் கொறஞ்சிடும்ல. சில பேருக்கு இது குடும்பத்துலயே வர்றது. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, ரத்தத்துல பாத்தாத்தான் தெரியும். பொம்பளைங்களுக்கு நெஞ்சு வலின்னே வராமக்கூட இருக்கும். தாடை, முதுகு, வேர்வை, மூச்சு வாங்கறது, இப்படித்தான் காட்டும். வயசுன்னு நெனச்சு விட்டுடறாங்க."

நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பாவம், அந்தப் பெண் முந்தின நாள் ஊசி போட்ட இடம் வலிக்கிறதாக்கும் என்று நினைத்துப் பஞ்சை எடுத்துக்கொண்டு வந்தாள்.

குச்சிக்கு ஓர் அக்கா. ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறாள். கீழே கடை, மேலே இரண்டு அறை வீடு. புருஷன் போன பிறகு குச்சி அங்கேதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் அக்கா எப்போதும் விண்ணப்பப் படிவம், பள்ளிச் சான்றிதழ் என்று மாதிரிகள் வைத்திருப்பாள். இப்போது அவற்றுக்கு நடுவில் ஒரு தாள் இருந்தது. ஆஸ்பத்திரித் தாளின் நகல். அதில் ஒரு வரியை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். அறிகுறி தொடங்கி ஐந்து நிமிடம்.

"இது ஒண்ணுதாம்மா எனக்கு ஆறுதல். பொட்டுனு போயிட்டா. தவிக்கல. யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. நீ பக்கத்துலயே வேற இருந்த" என்பாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். மூன்று மாதம் அப்படித்தான் தலையை ஆட்டினேன். ஆறுதலாக இருக்கிறது என்கிறாளே, இருந்துவிட்டுப் போகட்டும். பொய்யாக இருந்தால் என்ன, ஒருத்தி நிம்மதியாகத் தூங்குகிறாள் அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு போனபோது கடையில் அக்கா இல்லை. காகிதக் கட்டு ஒன்றை மேலே எடுத்துப் போனவள் பாதிப் படியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. ஒரு கையால் தாடையைப் பிடித்திருந்தாள். அப்படியே குச்சி. அதே எலும்பு, அதே முகம், அதே மாதிரி என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்ல. எனக்கு நின்னு ஏழு வருஷம் ஆகுது, இந்த வேக்காடு இன்னும் விட்டுத் தொலைய மாட்டேங்குது. ரெண்டு நிமிஷம் உக்காந்தா சரியாயிடும்."

"எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போடி போக்கத்தவளே. பாரு, விட்டுடுச்சு." எழுந்து நின்று காட்டினாள். உண்மையிலேயே விட்டுத்தான் இருந்தது.

கீழே வந்து மெஷினைத் தட்டிவிட்டு யாருக்கோ முப்பது நகல் எடுக்க ஆரம்பித்தாள். நான் விடவில்லை. "நாளைக்குக் காலைல என்கூட வந்து ரத்தம் குடுங்கக்கா, டாக்டரையும் பாத்துடலாம். உங்க தங்கச்சிக்கு இருந்தது உங்களுக்கும் இருக்கலாம்" என்றேன்.

"குடுத்து?"

"குடுத்தா தெரியும்ல. மாத்திர குடுப்பாங்க."

அக்கா கண்ணாடிக்கு அடியில் இருந்த அந்த வரியில் விரலை வைத்தாள். "இத பாத்தியா? அஞ்சு நிமிஷம். வந்தா அஞ்சு நிமிஷ வேல. டெஸ்ட்டு எடுத்து, மாத்திர முழுங்கி, பயந்து பயந்து நான் என்னத்தச் சாதிக்கப் போறேன்? வந்தா அவ மாதிரி பொட்டுனு போயிடறேன். விடும்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன பொய் சும்மா கிடக்கவில்லை. கண்ணாடிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு இவளையும் கூப்பிடுகிறது.

"அக்கா, அந்த மெஷின நிறுத்துங்க" என்றேன்.

நிறுத்தினாள். கடை திடீரென்று அமைதியாகிவிட்டது.

"அது அஞ்சு நிமிஷம் இல்ல. நாப்பது நிமிஷம். அவ தனியாத்தான் இருந்தா. நான் பக்கத்துல இல்ல."

கிளிப்பைப் பற்றிச் சொன்னேன். அது நான் போட்ட விதி என்று சொன்னேன். மகாராணி தூங்குகிறாள் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்ததைச் சொன்னேன். இரண்டு மாதமாகத் தாடை வலி என்று அவள் சொன்னதையும், தாளை மாற்றிக்கொண்டதையும், என் தட்டிலிருந்து அவள் தட்டில் எடுத்து வைத்ததையும் சொன்னேன். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

"பொட்டுனு போகலக்கா. எட்டு மாசம் டைம் இருந்துச்சு. அன்னைக்கு நாப்பது நிமிஷம் இருந்துச்சு. டாக்டர்கிட்டயும் கேட்டுட்டு வந்தேன். சீக்கிரம் கொண்டு வந்திருந்தா பொழைக்க வழி இருந்திருக்கும்னாரு. யாராலயும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு சொல்றீங்களே, செஞ்சிருக்க முடியும். நான்தான் செய்யல."

அக்கா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ அங்க தவிச்சிட்டு இருந்தா. நீ வெளிய துணி மடிச்சிட்டு இருந்த."

"ஆமாக்கா."

"வெளிய போ."

"போறேன். இனி இந்தப் படி ஏறாதேன்னு சொன்னா ஏறல. என்னைக் கரிச்சுக் கொட்டுங்க. ஆனா ரத்தம் மட்டும் குடுத்துடுங்கக்கா. காலைல, எதுவும் சாப்பிடாம. தெரு முனைல இருக்கே, அந்தக் கிளினிக்குதான்."

"வெளிய போன்னு சொன்னேன்."

மறுநாள் கடிகாரத்திடமும் போய்ச் சொன்னேன். சாயங்காலம் துணி அறைக்குள் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. ஒருத்தி உட்கார்ந்தால் இன்னொருத்தி கூட இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கிளிப்பை நான் குப்பையில் போடவில்லை. வீட்டில் இருக்கிறது.

ஆனால் என் மனசெல்லாம் அக்காவிடம்தான் இருந்தது. திங்கள் காலை வேலைக்குப் போகும் முன்னால் அந்தக் கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன். அவள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. ரத்தம் எடுக்கிற பெண், "ஆன்ட்டி, உங்களுக்கு இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டாள். புதன்கிழமை ஏழேகாலுக்குக் கதவு திறந்தது. அக்கா வந்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய்விடுவாளோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். போகவில்லை. பெயரைக் கொடுத்துவிட்டு, எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தாள். இடது கை ரவிக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டாள். அந்தக் கை குச்சியின் கை மாதிரியே இருந்தது.

எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சும்மாவா உக்காந்திருந்தா, அந்த நாப்பது நிமிஷமும்?"

"இல்லக்கா. தலகாணி உறை மடிச்சிட்டு இருந்தா."

"எத்தன?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் மட்டும் எண்ணி வைத்திருந்தேன். "பதினொண்ணு."

"ஒழுங்கா மடிச்சிருந்தாளா?"

"எட்டு வரைக்கும் நல்லா இருந்துச்சு. அப்புறம் மூணும் கோணல்."

அக்கா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கையை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. நடுவில் இருந்த காலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் எழுந்து பின்னாலேயே போனேன்.